கரண்டி படாத கேக்

கிராண்ட் ரேபிட்ஸ், மிச்சிகன்
14-12-2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அவரும் குழந்தையும் நலமாக இருக்கிறோம். உங்கள் நலத்தையும், அக்கா வீட்டார் நலத்தையும் அறிய ஆவல். மழைக்குப் பிறகு முழங்கால் வலி கூடியிருக்கிறது என்று அக்கா சொன்னாள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட்டுவிட்டு, மார்க்கெட்டுக்குப் போகும் வேலையைக் கொஞ்ச நாள் தம்பியிடம் விட்டுவிடுங்கள்.

போன வாரம் தொலைபேசியில் நான் அந்தப் பழக் கேக்கின் செய்முறையைச் சொன்னபோது, பாதி காதில் விழவில்லை என்றும், எழுதி அனுப்பினால் அக்கா பொங்கலுக்குள் ஒரு முறை செய்து பார்ப்பாள் என்றும் சொன்னீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். அளவு ஒன்றும் விட்டுப்போகாமல் எழுதுகிறேன்.

இங்கே நவம்பர் முடிவதற்குள்ளேயே பனி தொடங்கிவிட்டது. எங்கள் ஊருக்கு மேற்கே, நம் காசிமேட்டில் நின்று பார்த்தால் கடல் எப்படிக் கரை தெரியாமல் கிடக்குமோ அப்படியே கிடக்கும் மிச்சிகன் ஏரியின் மேலாக வரும் குளிர்காற்று, அதன் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்து எங்கள் தலையில் பனியாகக் கொட்டுகிறது. மாலை ஐந்தேகால் மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இந்த மாதங்களில் இங்குள்ளவர்கள் ஓவனை மூட்டுவதில் பாதி, பண்டத்துக்காக என்றால் மீதி, வீட்டுக்குள் பரவும் அந்தச் சூட்டுக்காகவும் மணத்துக்காகவும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கேக்கை நான் முதலில் பார்த்தது, எங்கள் தெருவில் நடந்த ஒரு கூட்டு விருந்தில். அவரவர் வீட்டில் ஒரு பண்டம் செய்து எடுத்துக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து எல்லாரும் சாப்பிடுவார்கள். இதற்கு 'பொட்லக்' என்று பெயர். எதிர்வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், நீள்சதுரக் கண்ணாடித் தட்டு ஒன்றைத் துணியில் சுற்றி, மார்போடு அணைத்தபடி பனியில் நடந்து வந்தார். துணியை விலக்கியதும் பழுப்பு நிறத்தில் மொறுமொறுப்பான மேற்பரப்பும், அதன் ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழிகளாகக் கொதித்துக்கொண்டிருந்த செக்கச்சிவந்த பாகும் தெரிந்தன. ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்தபோது மேலே பிஸ்கட் போல உடைந்தது, நடுவில் பஞ்சு போல் இருந்தது, அடியில் பழமும் பாகும் சூடாக வழிந்தன. ஒரே கரண்டியில் மூன்று விதமான பதம் வருவதை நான் அதுவரை எந்தக் கேக்கிலும் பார்த்ததில்லை. செய்முறை கேட்டேன். "கொட்டி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்" என்றார். இதற்கு இங்கே 'டம்ப் கேக்' என்றுதான் பெயர். டம்ப் என்றால் கொட்டுவது.

முதல் தடவை நான் அதைக் கெடுத்துவிட்டேன், பெரியம்மா. உங்கள் கையில் வளர்ந்தவள் நான். ரவை கேசரியானாலும் பால்கோவாவானாலும் கை நின்றால் அடிபிடிக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தீர்கள். பழத்தின் மேல் மாவைக் கொட்டிவிட்டு, அதைத் தொடாமல் அப்படியே ஓவனில் வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. உலர்ந்த மாவு எப்படித் தானாக வேகும் என்று நினைத்து, நன்றாக அடிவரைக்கும் கிளறிவிட்டு வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தது கேக்கும் இல்லை, அல்வாவும் இல்லை. இளஞ்சிவப்பு நிறத்தில், வெட்டினால் கத்தியில் ஒட்டிக்கொண்டு இழுபடும் ஒரு களி. ஓரம் கருகியிருந்தது, நடுவில் வேகவே இல்லை.

அந்த அம்மாளிடம் போய்ச் சொன்னபோது, அவர் என்னைத் தம் சமையலறைக்கு அழைத்து, ஓவனின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார். அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அடியில் உள்ள பழச்சாறு கொதித்து ஆவியாக மேலே ஏறி, மாவின் அடிப்பகுதியை நனைத்து வேகவைக்கிறது. மேலே வைத்த வெண்ணெய் உருகிக் கீழே இறங்கி, மாவின் மேற்பகுதியை நனைத்துப் பொரிக்கிறது. கீழிருந்து வரும் ஈரமும் மேலிருந்து வரும் கொழுப்பும் நடுவில் சந்திக்கும் இடத்தில்தான் அந்தப் பஞ்சுப் பதம் உண்டாகிறது. கிளறினால் இந்த இரண்டுக்கும் வழியில்லாமல் போய், எல்லா மாவும் ஒரேயடியாகச் சாற்றில் ஊறிக் களியாகிவிடுகிறது. இட்லிப் பானையில் மாவை ஊற்றி மூடிய பிறகு நீங்கள் யாரையும் மூடியைத் திறக்க விடமாட்டீர்களே, அதே கண்டிப்பு இதற்கும் வேண்டும்.

இனி அளவுகள். இங்கே 9 அங்குலத்துக்கு 13 அங்குலம் உள்ள தட்டில் செய்கிறார்கள். அடியில் 567 கிராம் டின் அன்னாசித் துருவலைச் சாற்றோடு, வடிக்காமல் பரப்ப வேண்டும். அதன் மேல் செர்ரிப் பழத்தைச் சர்க்கரைப் பாகில் கெட்டியாக்கி டின்னில் அடைத்து விற்பதை, ஒரு டின் 595 கிராம் இருக்கும், அப்படியே பரப்ப வேண்டும். மூன்றாவதாக, மஞ்சள் கேக் மிக்ஸ் பெட்டி ஒன்றைப் பிரித்து, உலர்ந்த மாவாகவே, கட்டிகளை விரலால் நசுக்கிவிட்டு, மூலைமுடுக்கெல்லாம் சமமாகத் தூவ வேண்டும். கடைசியாக 170 கிராம் வெண்ணெயைக் குளிர்ந்த நிலையிலேயே மெல்லிய வில்லைகளாக அரிந்து, மாவு வெளியே தெரியாதபடி ஓடு வேய்வது போல அடுக்க வேண்டும். வெண்ணெய் படாத இடத்தில் மாவு மாவாகவே நின்றுவிடும், வாயில் வைத்தால் பச்சை மாவு அடிக்கும். ஆகவே இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரம் கூடாது. 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் 45 முதல் 55 நிமிடம் வைத்தால், மேலே பொன்னிறம் வந்து ஓரத்தில் பாகு கொதிப்பது தெரியும். எடுத்ததும் பரிமாறக் கூடாது. இருபது நிமிடம் ஆறினால்தான் பாகு இறுகிக் கரண்டியில் நிற்கும்.

பெட்டி மாவு என்றதும் நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் தீபாவளிக்கு நம் தெருவில் பாதி வீடுகளில் குலாப் ஜாமூன் பெட்டி மாவில்தான் செய்கிறார்கள், அதைப் போலத்தான் இதுவும். மைதா, சர்க்கரை, பொங்குவதற்கான சோடா, கொஞ்சம் கொழுப்பு ஆகியவற்றைச் சரியான விகிதத்தில் கலந்து வைத்திருப்பார்கள். 1930களில் பிட்ஸ்பர்க் நகரத்தில் வெல்லப்பாகு வியாபாரம் செய்த டஃப் என்ற நிறுவனம், அந்தப் பாகை மாவோடு சேர்த்து உலர்த்தி, தண்ணீர் ஊற்றினால் இஞ்சிக் கேக் ஆகும்படி விற்றதுதான் இந்தப் பெட்டிகளின் தொடக்கம். அந்த அம்மாளின் பழைய குறிப்புத்தாளில் பெட்டி எடை 517 கிராம் என்று எழுதியிருக்கிறது. இப்போது கடையில் கிடைப்பவை 432 கிராம், சிலது 375 கிராம்தான். அதனால் அவர் குறைகிற எடைக்கு இன்னொரு பெட்டியிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார். நீங்களும் பெட்டிக் கணக்கைப் பார்க்காமல் எடைக் கணக்கைப் பாருங்கள். பெட்டியின் மேல் முட்டையும் எண்ணெயும் ஊற்றச் சொல்லி எழுதியிருக்கும், இந்தக் கேக்குக்கு அவை ஒன்றுமே வேண்டாம். வெள்ளி, சனிக்கிழமைகளில் முட்டை தொடாத உங்களுக்கு இது வசதி. இருந்தாலும் மாவிலேயே முட்டைப் பொடி கலந்திருக்கிறதா என்று அக்காவைப் பெட்டியின் பக்கவாட்டில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே முட்டையில்லாத கேக் மிக்ஸ் தாராளமாகக் கிடைக்கும்.

செர்ரி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் விளையும் புளிப்புச் செர்ரியில் பெரும்பங்கு எங்கள் மிச்சிகன் மாநிலத்தில்தான் விளைகிறது. ஜூலை மாதத்தில் வடக்கே டிராவர்ஸ் சிட்டி பக்கம் போனபோது, இயந்திரம் ஒன்று மரத்தின் அடியைப் பிடித்து உலுக்க, பழமெல்லாம் கீழே விரித்த துணியில் மழை போல் கொட்டியதைப் பார்த்தேன். வாயில் போட்டால் நாவற்பழத்தின் துவர்ப்பு இல்லை, நெல்லிக்காயின் கசப்பும் இல்லை, சுத்தமான புளிப்பு. அந்தப் புளிப்புதான் இந்தக் கேக்கின் உயிர். நம் ஊர் பேக்கரிகளில் கேக்கின் உச்சியில் வைக்கும் சிவப்புச் செர்ரி, பெரும்பாலும் களாக்காயைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது. அது வெறும் இனிப்பு, இதற்கு உதவாது. அக்கா அதை வாங்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டையில் செய்வதற்கு நான் யோசித்து வைத்திருப்பது இது. அக்கா வாங்கியிருக்கும் சிறிய ஓவனில் பெரிய தட்டு நுழையாது. 8 அங்குலச் சதுரத் தட்டு போதும், எல்லா அளவிலும் பாதி எடுத்துக்கொள்ளலாம். நன்றாகப் பழுத்த கொல்லிமலை அன்னாசி ஒன்றை வாங்கி, கண்களை எடுத்துவிட்டு, 280 கிராம் அளவுக்குப் பொடியாக நறுக்கி, சாறு வீணாகாமல், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையோடு ஐந்து நிமிடம் வேகவைத்து ஆறவிடுங்கள். செர்ரிக்குப் பதிலாக விதையில்லாத கறுப்புத் திராட்சை 300 கிராம். அதைக் கால் டம்ளர் தண்ணீரும் மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையும் சேர்த்துத் தோல் வெடிக்கும் வரை வேகவிட்டு, ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் மாவைக் கரைத்து ஊற்றி, கெட்டியானதும் இறக்கி, அரை எலுமிச்சம்பழம் பிழிந்துவிடுங்கள். இதுவரைக்கும் நீங்கள் மனம் போலக் கிளறலாம். இரண்டையும் தட்டில் பரப்பி, 258 கிராம் மாவைத் தூவிய பிறகு கரண்டி அந்தப் பக்கமே போகக் கூடாது. வெண்ணெய் 85 கிராம். சென்னைச் சூட்டில் வில்லை அரிவதற்குள் உருகிவிடும் என்பதால், அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு அரியுங்கள். வாசனைக்காக நெய் சேர்க்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது, மாவு வேக அதுவும் வேண்டியிருக்கிறது. நெய்யில் தண்ணீரே இல்லாததால், மேலே எண்ணெய் மிதந்து மாவு வறண்டே நிற்கும். கடையில் வாங்கும் வெண்ணெயில் உப்பு இருந்தால் பரவாயில்லை, பழத்தின் புளிப்புக்கு அது எடுப்பாகவே இருக்கும். மாம்பழக் காலத்தில் திராட்சைக்குப் பதில் பங்கனப்பள்ளி போடலாம், அப்போது ஒரு முழு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும்.

ஓவன் இல்லாமல் குக்கரில் செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்டீர்கள். நானும் அதையே எண்ணிப் பார்த்தேன். பெரியப்பா கடற்கரையிலிருந்து கொண்டுவந்த மணலை நீங்கள் ஏழு தண்ணீரில் அலசி, மொட்டைமாடியில் காயவைத்து, அலுமினியப் பானையின் அடியில் கொட்டி, அதன் மேல் கிண்ணத்தை வைத்து கேக் சுட்டது எனக்கு மறக்கவில்லை. டிசம்பர் மாதத்தில் இராயப்பர் கோயில் பக்கத்திலிருந்து வீடு வீடாகக் கேக் தட்டுகள் வரும்போது, பதிலுக்கு வெறும் தட்டைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று நீங்கள் கற்றுக்கொண்ட கேக் அல்லவா அது! அந்தக் கேக்குக்கு அந்த முறை சரி. இதற்கு ஆகாது. பானை மூடியில் படியும் ஆவி மேலேயே சொட்டும், மேலிருந்து நெருப்பும் கிடைக்காது, ஆகவே அந்த மொறுமொறுப்பு வரவே வராது. ஓவனில்தான் செய்ய வேண்டும், அதுவும் மேல்கம்பி, கீழ்கம்பி இரண்டும் சூடாகும்படி வைத்து.

மீதி இருந்தால் மூன்று நாள் குளிர்பெட்டியில் வைக்கலாம். மறுநாள் சூடு பண்ணும்போது மீண்டும் ஓவனிலேயே பத்து நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் மேற்பரப்பு நமத்துப்போகிறது. இங்கே இதன் மேல் ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம் வைத்துச் சாப்பிடுகிறார்கள். உங்கள் சர்க்கரை அளவுக்கு அது வேண்டாம், பிள்ளைகளுக்கு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஓரத்துத் துண்டாகப் பார்த்து ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள், பாகு காய்ந்து ஒட்டிய ஓரம்தான் இதில் ருசி.

ஜனவரி முதல் வாரத்தில் அவருடைய நண்பர் ஒருவர் சென்னைக்கு வருகிறார். அவர் கையில் செர்ரி டின் இரண்டும், அந்த அம்மாள் தம் கையெழுத்தில் எனக்கு எழுதிக்கொடுத்த குறிப்பின் நகலும் கொடுத்து அனுப்புகிறேன். தம்பி விமான நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை, அவரே வண்ணாரப்பேட்டை வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார், கொண்டுவந்து கொடுத்துவிடுவார். திரும்பும்போது அவரிடம் உங்கள் கேசரியின் அளவை எழுதிக் கொடுத்தனுப்புங்கள். எதிர்வீட்டு அம்மாள் கேட்டிருக்கிறார். "கை நிதானம்" என்று எழுதிவிடாதீர்கள், ரவை எத்தனை டம்ளர், சர்க்கரை எத்தனை, தண்ணீர் எத்தனை என்று அக்காவை அளந்து எழுதச் சொல்லுங்கள்.

அனைவருக்கும் என் அன்பு. பாப்பா உங்களுக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்