இயற்கை வட்டத்தின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அல்சூரிலிருந்தும் ஜாலஹள்ளியிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது மலைப்பூக்களையும் அவற்றை நாடி வரும் தேனீக்களையும் பற்றித்தான். ஆகவே அதை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

2024இல் நீலக்குறிஞ்சி, அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாக பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றது. 12 ஆண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதைவிட்டு மடியும் செடி அது. மூணாறு மலைகளில் 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்து 2030இல் எதிர்பார்க்கிறோம். பூக்கும் பருவத்தில் தேன் பெருகுவதால் அடுக்குத் தேனீக்கள் திரண்டு வருகின்றன. அந்தப் பருவத்தில் மகரந்தம் சேராமல் போனால் அந்தச் செடிக்கு மறுவாய்ப்பு கிடையாது. தேனீயால் 12 ஆண்டுகள் பட்டினி கிடக்கவும் முடியாது. இடைப்பட்ட காலத்தில் புல்வெளியின் சிறுபூக்களும் சோலை மரங்களின் பூக்களும் இருந்தால்தான் அது அங்கே பிழைத்திருக்கும். குறிஞ்சியைக் காப்பது என்றால் அந்தப் புல்வெளி முழுவதையும் காப்பது என்றே நான் கருதுகிறேன்.

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் நடந்த ஓர் ஆய்வு, 2015இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது, நம் கூட்டத்தில் நீண்ட நேரம் பேசப்பட்டது. கோடை வெப்பம் கூடிப் பூக்கள் குறைந்ததால், ஆழமான குழல்பூக்களில் தேனெடுத்துவந்த இரண்டு பம்பிள் தேனீ இனங்களின் நாக்கு, சுமார் 40 ஆண்டுகளில் ஏறத்தாழ கால்பங்கு குட்டையாகியிருக்கிறது. கிடைத்த பூவிலெல்லாம் தேனெடுக்கப் பழகிவிட்டன. ஆழமான பூவைத் தேடி இனி யார் வருவார்கள்? அதே மலைகளில் பனி முன்னதாக உருகுவதால் மொட்டுகள் அவசரப்பட்டு வந்து, பின்னால் விழும் உறைபனியில் கருகுவதும் பதிவாகியிருக்கிறது. வெப்பம் கூடினால் செடிகள் இன்னும் உயரத்துக்கு நகர்ந்துகொள்ளும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். நம் ஆனைமுடியின் உயரமே 2695 மீட்டர்தான். அதற்கு மேலே ஏறிக்கொள்ளத் தென்னாட்டில் மலை இல்லை.

சிக்கமகளூர்ப் பக்கம் மலைச்சரிவில் மரக்கன்று நட நன்கொடை கேட்டு ஒரு வேண்டுகோள் வந்தது. நல்லெண்ணத்தோடு வந்ததுதான். ஆனால் அந்தச் சரிவு இயற்கையான புல்வெளி; மரம் இல்லாததால் அது தரிசு ஆகிவிடாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளில் நட்ட, வாட்டில் எனப்படும் அயல்நாட்டுச் சீகை மரம் பரவி, குறிஞ்சியின் இடத்தைப் பிடித்துக்கொண்டதை நாம் அறிவோம். எனவே செயற்குழு மறுத்துவிட்டது. இந்த முடிவில் நான் உறுதியாக நிற்கிறேன்.

நகரத்திலும் நமக்கு வேலை இருக்கிறது. அடுக்குமாடிகளில் மலைத்தேனீ கூடு கட்டினால் உடனே மருந்தடிக்கிறார்கள். பருவம் முடிந்ததும் அவை தாமாகவே இடம்பெயரும் என்பதை உறுப்பினர்கள் தத்தம் குடியிருப்புச் சங்கங்களில் எடுத்துச் சொல்ல வேண்டும். பொறுத்திருக்க முடியாத இடமென்றால், கூட்டைக் கொல்லாமல் அகற்றத் தெரிந்தவர்களை அழையுங்கள்.

வரும் ஆண்டு மலைப்பயணங்களில் பூப்பறிப்பதில்லை, பாதையை விட்டு இறங்குவதில்லை என்ற இரண்டு விதிகளையும் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்
பெங்களூரு