எம்பிஏ முடிக்கப்போகும் மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

"வேலை கிடைச்சாச்சு, கடைசி டெர்மும் வந்தாச்சு. ஆனா இந்த ரெண்டு வருஷத்துல என்ன கத்துக்கிட்டேன்னு கேட்டா ஒண்ணும் சொல்ல வரலைம்மா" என்று போனில் சொன்னாயே, அதற்கு அவசரத்தில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கற்றுக்கொண்டது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரிகிறது. முதல் டெர்மில் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்று நடுராத்திரியில் மெசேஜ் அனுப்பிய பிள்ளை நீ. போன விடுமுறையில், ஏதோ ஒரு கம்பெனிக்கு லாபம் எகிறியிருக்கிறது என்று நான் பேப்பரைப் படித்துக் காட்டியதும், "லாபம் சரிம்மா, காசு கைக்கு வந்துச்சா? கேஷ் ஃப்ளோவைப் பாரு" என்றாய். விற்ற சரக்குக்குப் பணம் வந்து சேராமலே கணக்கில் லாபம் காட்டலாம் என்று எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் அப்பாவுக்கு விளக்கினாய். பாடம் ஒருவருக்குள் இறங்கிவிட்டால் அது பாடமாகத் தெரியாது. அதனால்தான் ஒன்றும் கற்கவில்லை என்று உனக்குத் தோன்றுகிறது.

பிளேஸ்மென்ட் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும். உன்னோடு படிக்கிறவர்களில் இன்னும் ஆஃபர் வராதவர்கள் இருக்கிறார்கள் என்றாய். அவர்களிடம் "கிடைச்சிடும்டா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதே. உட்கார்ந்து ஒத்திகையாக ஒரு மாக் இன்டர்வியூ எடு. ரெஸ்யூமேயை வரி வரியாகப் பார்த்துக் கொடு. யாருக்கு முதலில் வேலை கிடைத்தது என்பதை வைத்து யார் கெட்டிக்காரர் என்று முடிவு செய்கிற பழக்கம் அந்த சீசனில் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்கிறது. உனக்கு ஒட்ட வேண்டாம்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது உங்கள் கேஸ் வகுப்பைப் பற்றி. ஒரு கம்பெனிக்கு வந்த சிக்கலை எழுதிக் கொடுத்து, என்ன முடிவெடுப்பீர்கள் என்று விவாதிக்க வைக்கிறார்களே, அது. ராத்திரி முழுக்கப் படித்துவிட்டுப் போவீர்கள், பேராசிரியர் திடீரென்று ஒருவரைக் கைகாட்டி, "இந்த மேனேஜர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார் என்பாய். ஒருவர் ஃபேக்டரியை மூடு என்பார், இன்னொருவர் விற்றுவிடு என்பார். நீ ஒன்று சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்து, உன் கணக்கில் எங்கே ஓட்டை என்று காட்டிவிடும். மணி அடித்ததும் எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விடுவீர்கள். வகுப்பில் நீ மூடிய ஃபேக்டரியில் யாருடைய சம்பளமும் நின்றுபோகவில்லை. இது பெரிய வசதி, கண்ணா. யாருக்கும் நஷ்டமில்லாமல் தப்பு செய்து பழக வேறு இடம் கிடையாது. இன்னும் சில வாரத்தில் அது முடிகிறது.

நான் ஃபேக்டரியில் சரக்கு வைக்கும் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த காலத்தில் நடந்த ஒன்றை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. முதலீடு சரக்கில் முடங்கிக் கிடக்கிறது, இருப்பைக் குறைக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். இருவரும் எம்பிஏ. நல்ல பிள்ளைகள், கெட்டிக்காரர்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். மூன்று வருடமாக வெளியே எடுக்காத பொருளையெல்லாம் நான்-மூவிங் என்று பட்டியல் போட்டு, ஸ்கிராப்பில் தள்ளச் சொன்னார்கள். பெரிய மெஷினின் கியர்பாக்ஸுக்கு வாங்கி வைத்திருந்த ஒரு பேரிங்கும் அதில் இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் வரவும் இருப்பும் எழுதி வைக்கும் அட்டையை பின் கார்டு (bin card) என்போம். அந்த பேரிங்கின் கார்டுக்குப் பின்பக்கத்தில், எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் பென்சிலால் எழுதியிருந்தார்: "வெளிநாட்டு சரக்கு. வர ஐந்து மாதம் ஆகும். ஒன்று எப்போதும் கையில் இருக்கணும்." கார்டின் முன்பக்கம் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. பின்பக்கம் ஏறவில்லை.

நான் போய் மேலதிகாரியிடம் சொன்னேன். பட்டியல் முடிவாகிவிட்டது என்றார். பேரிங் எடைக்குப் போனது. பிறகு ஒருநாள் கியர்பாக்ஸ் உடைந்தது, லைன் நின்றது. பேரிங் வந்து சேரும்வரை ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். கேட் பக்கத்தில் டிபன் பாக்ஸோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இத்தனை வருடம் கழித்தும் என் மனதை உறுத்துவது என்ன தெரியுமா? அந்த இரண்டு பேரும் அதற்குள் வேறு ப்ராஜெக்டுக்குப் போயிருந்தார்கள். தங்கள் முடிவு தப்பு என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. யாரும் சொல்லவில்லை. வகுப்பில் தப்பாகச் சொன்னால் அடுத்த நிமிடமே ஒரு கை உயர்கிறது. வெளியே அந்தக் கை உயராது. சொல்லத் தெரிந்தவர்களுக்குக் கூட்டத்தில் நாற்காலி இருக்காது, நாற்காலியில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியாது.

சரக்கை மதிப்பை வைத்துப் பிரிக்கும் ஏபிசி அனாலிசிஸ் நீ படித்திருக்கிறாய். எவ்வளவு அவசியம் என்பதை வைத்துப் பிரிக்கும் விஇடி அனாலிசிஸும் படித்திருப்பாய். இல்லாமல் போனால் மெஷின் நின்றுவிடும் என்கிற பொருள் நகராவிட்டாலும் கையில் இருக்க வேண்டும் என்று பரீட்சையில் சரியாக எழுதுவாய். அவர்களும் எழுதியிருப்பார்கள். படிப்பில் குறை இல்லை. கான்ஃபரன்ஸ் அறையிலிருந்து எழுந்து ஸ்டோர்ஸ்வரை அவர்கள் நடந்து வரவில்லை, அவ்வளவுதான்.

இருப்பைக் குறைக்கும் ஜஸ்ட் இன் டைம் முறையை டொயோட்டாவில் உருவாக்கிய டாய்ச்சி ஓனோ, மெஷின் ஓடும் ஷாப் ஃப்ளோரிலேயே வளர்ந்தவர். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நின்று நடப்பதைப் பார் என்று தன்னிடம் வேலை பார்த்தவர்களை நிற்க வைப்பாராம். அவருடைய முறை உலகம் முழுக்கப் போய்விட்டது. அந்த வட்டம் போன இடங்கள் குறைவு என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

உங்கள் கேஸ் முறை எங்கே தொடங்கியது என்று தேடிப் பார்த்தேன். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1908இல் ஆரம்பித்தது. அங்கே முதல் கேஸ் 1921இல் எழுதப்பட்டிருக்கிறது, ஒரே பக்கம். ஒரு ஷூ கம்பெனியில் தொழிலாளர்கள் நேரம் முடிவதற்கு முன்பே வேலையை நிறுத்திவிடுகிறார்கள், என்ன செய்வது என்பதுதான் விஷயம். இதற்கு வகுப்பில் எத்தனையோ பதில் வரும். எனக்கு முதலில் தோன்றியது, அவர்களில் ஒருவரிடம் போய் "ஏன் சீக்கிரம் நிறுத்துறீங்க?" என்று கேட்டார்களா என்பது.

அதனால், மிச்சமிருக்கும் வகுப்புகளில் வாயைத் திறந்து பேசு. கிரேடு முடிவாகிவிட்டது, இனி எதற்கு என்று பின்வரிசைக்குப் போய்விடாதே. அப்புறம், உன் குரூப்பில் ஒரு பெண் எதைச் சொன்னாலும் குறுக்கே கேள்வி கேட்கிறாள் என்று முதல் வருடம் புலம்பினாயே, அவளுடைய நட்பை விட்டுவிடாதே. நெட்வொர்க் என்று நீங்கள் சொல்லும்போது பெரிய இடத்துக்குப் போகிறவர்களைத்தான் எண்ணுகிறீர்கள். முகத்துக்கு நேரே "இது தப்பு" என்று சொல்கிறவர்களின் நம்பர் உன்னிடம் பத்து வருடம் கழித்தும் இருக்க வேண்டும். நீ மேலே போகப் போக அப்படிப் பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே போவார்கள்.

கடன் தவணையை நினைத்து இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. சம்பளம் வரட்டும், மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

பட்டமளிப்பு விழாவுக்கு நானும் அப்பாவும் வர டிக்கெட் போட்டாச்சு. அந்தப் பெண்ணை எனக்கு அறிமுகம் செய்து வை. வேலையில் சேர்ந்ததும் உன் முதல் ப்ராஜெக்ட் எந்தத் தொழில் என்று சொல். ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் பக்கமாக இருந்தால், அங்கே யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், என்னென்ன கேட்க வேண்டும் என்று நான் ஒரு பட்டியல் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா