அப்பிள் பிடுங்கப் போகிறவனுக்கு

திருகோணமலை
புரட்டாதி முதல் கிழமை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேரப்பிள்ளைகளை அப்பிள் பிடுங்கக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், எந்தத் தோட்டம் நல்லது என்று கேட்டிருக்கிறாய். போன வருடம் கனடாவில் மகள் வீட்டில் நின்றபோது நாங்களும் போனோம்தான், ஆனால் தோட்டத்தின் பெயர் சொல்ல மாட்டேன். எதைப் பார்த்துத் தெரிவுசெய்வது என்று சொல்கிறேன், மிச்சத்தை உன் மகன் விசாரிக்கட்டும்.

முதலில் மரத்தின் உயரத்தைக் கேட்கச் சொல். இப்போது பல தோட்டங்களில் குள்ளமாக வளரும் அடிமரத்தில் ஒட்டிய மரங்கள்தான். கம்பி கட்டி, வரிசையாக, எங்கள் முந்திரிகைப் பந்தலை நிமிர்த்தி வைத்த மாதிரி நிற்கும். மூன்று வயதுப் பிள்ளை நின்ற இடத்திலேயே கை நீட்டிப் பிடுங்கலாம். பழைய பெரிய மரம் என்றால் ஏணி வேண்டும், உன் முழங்காலுக்கு அது சரிவராது.

அடுத்தது, நீங்கள் போகும் கிழமையில் என்ன இனம் பழுத்திருக்கிறது என்பது. ஒன்ராறியோவில் ஓகஸ்ட் கடைசியில் தொடங்கி ஒக்ரோபர் முடியும்வரை இனம் இனமாகப் பழுக்கும். மக்கின்ரோஷ் செப்டெம்பர் நடுவில் வந்துவிடும், ஹனிகிறிஸ்ப்பும் அதை ஒட்டித்தான். நோர்தேர்ன் ஸ்பை ஒக்ரோபர் கடைசிக்குத்தான். பிள்ளைகளுக்கு ஹனிகிறிஸ்ப். கடித்தால் சத்தம் கேட்கும், சாறு வழியும், விலையும் கூடத்தான். எனக்குப் பிடித்தது மக்கின்ரோஷ், கொஞ்சம் புளிப்பு. அது அந்த மாகாணத்தின் சொந்தப் பழம் தெரியுமோ? 1811 இல் டண்டேலா என்ற இடத்தில் ஜோன் மக்கின்ரோஷ் என்பவர் காடு வெட்டும்போது கண்ட கன்றுகளில் ஒன்றிலிருந்து வந்தது. இளவேனிலில் பூக்கும் நேரத்தில் உறைபனி விழுந்தால் அந்த வருடம் காய்ப்புக் குறைந்துவிடும், அதனால் புறப்படுகிற அன்று காலையில் ஒரு தடவை தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

இனி காசு. சில இடத்தில் பைக்கு மட்டும் காசு. சில இடத்தில் தலைக்கு ஒரு ரிக்கற், பைக்கு வேறு. நாங்கள் முதலில் போன தோட்டம் இரண்டாவது ரகம். துள்ளும் மெத்தை, சோளக்காட்டுப் புதிர்ப்பாதை, ஆட்டுக்குட்டி, கோயில் திருவிழாக் கணக்கில் சனம். பிள்ளைகள் வரிசையில் நின்றே களைத்துப் போனார்கள், கிட்ட இருந்த மரங்களெல்லாம் மொட்டை. பிறகு ஒரு சின்னத் தோட்டத்துக்குப் போனோம். பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்கள், அவ்வளவுதான் வேடிக்கை. சின்னவன் அந்தப் பெட்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதான்! எனக்குக் கேட்டால் இந்த ரகம்தான் நல்லது. சனி ஞாயிறு வேண்டாம், அதிலும் ஒக்ரோபர் இரண்டாவது திங்கள் அவர்களின் நன்றி சொல்லும் நாள், அந்த விடுமுறைக்கு வீதியே நிரம்பிவிடும்.

மலசலகூடம் எவ்வளவு தூரம், கைகழுவத் தண்ணீர் உண்டா, தள்ளுவண்டி உருளுமா என்பதையும் கேளுங்கள். ஆட்டைத் தொட்ட கையோடு பழம் தின்ன விடாதே. நிலத்தில் விழுந்து கிடப்பதில் குளவி மொய்க்கும், அதை எடுக்க வேண்டாம். பிழிந்த சாறு விற்றால், சூடாக்கிக் கிருமி நீக்கியதா என்று கேட்டுத்தான் சின்னதுகளுக்குக் கொடு. எல்லோருக்கும் பழைய சப்பாத்து, காலையில் புல் ஈரமாக இருக்கும்.

உனக்குக் கொக்கத்தடி போட்டு மாங்காய் இழுத்த கை. அங்கே இழுக்காதே. பழத்தின் அடியில் உள்ளங்கையை வைத்து மேலே தூக்கி மெல்லத் திருகு, காம்போடு கழன்று வரும். இழுத்தால் அடுத்த வருடம் பூக்க வேண்டிய குருத்தும் சேர்ந்து முறிந்துவிடும். வெளிப்பக்கம் வெயில் படுவதுதான் முதலில் பழுக்கும். கொண்டுவந்ததைக் கழுவாமல் குளிர்ப்பெட்டியில் வை, கரட்டோடு சேர்த்து வைக்காதே, கரட் கைத்துப் போகும்.

இங்கே சந்தையில் இன்னும் அதே வெள்ளை நுரைவலைக்குள் ஒட்டுத்தாளோடு அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போகும்போது மட்டும்தான் நம் ஆட்கள் வாங்குகிறார்கள். நோயாளி அதைத் தின்று நான் கண்டதில்லை.

ஊர்ப்புதினம் பெரிதாக இல்லை. கச்சான் காற்று அடங்கவில்லை, கிணற்றில் தண்ணீர் அடிமட்டம். நிலாவெளியில் வெள்ளைக்காரர் இன்னும் நிற்கிறார்கள், மழை தொடங்கினால் போய்விடுவார்கள். கோட்டைக்குள் மான்கள் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களின் வாழைப்பழப் பையைப் பிடித்து இழுக்கின்றன. உன் வளவில் தேங்காய் பறிக்க ஆள் வந்தான், காசைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். வேலி ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. மாரிக்கு முன் அடைப்பதா, தகரம் வைப்பதா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி