ஸ்டாட்டிக் ரூட்டைப் பரப்பும் முன்

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலை மனசுக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்.

ஸ்டாட்டிக் ரூட்டை, அதாவது ரூட்டரில் நாம் கையால் எழுதிவைக்கும் பாதையை, மற்ற ரூட்டர்களுக்கும் எப்படிப் பரப்புவது என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நெட்வொர்க்கின் எல்லையில் உள்ள எட்ஜ் ரூட்டரில் இருக்கும் ஸ்டாட்டிக் ரூட்களை எல்லா ரூட்டரிலும் போய் எழுதிக்கொண்டிருக்க முடியாதுதான். ரூட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் முறையான ஓஎஸ்பிஎஃப்-இல் ‘ரீடிஸ்ட்ரிப்யூட் ஸ்டாட்டிக் சப்நெட்ஸ்’ என்று ஒரு வரி போட்டால் மற்ற ரூட்டர்களுக்கும் அவை போய்விடும். உங்களிடம் இருப்பது பழைய சிஸ்கோ ஐஓஎஸ் (ரூட்டரை இயக்கும் மென்பொருள்) என்றால் ‘சப்நெட்ஸ்’ என்பதை விட்டுவிடாதே; விட்டால் 10.20.30.0/24 போன்ற, பெரிய நெட்வொர்க்கிலிருந்து பிரித்த சப்நெட் ரூட்கள் வெளியே போகவே போகாது. வேறு பாதை தெரியாதபோது பயன்படும் டீஃபால்ட் ரூட்டும் இந்த வரியில் போகாது. அதற்கு ‘டீஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்’ தனியாக வேண்டும்.

ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் போட்டு நிறுத்திவிடாதே. யாரோ எப்போதோ சோதனைக்காக எழுதி மறந்துபோன ரூட் வரைக்கும் எல்லாவற்றையும் அது அள்ளிக்கொண்டு போகும். எதெது போகலாம் என்று ப்ரிஃபிக்ஸ் லிஸ்டில் (நெட்வொர்க் முகவரிகளின் பட்டியல்) எழுதி, அதன்படி வடிகட்டும் ரூட் மேப்போடு சேர்த்துப் போடு. அதிலேயே ரூட்டுக்கு அடையாள எண்ணாக ஒரு டேக்கும் வைத்துவிடு. நாளைக்கு ஓஎஸ்பிஎஃப் போலவே இன்னொரு முறையான ஈஐஜிஆர்பி-யோடு இரண்டு பக்கமும் மாற்றிக்கொள்ள வேண்டி வந்தால், போன ரூட்டே திரும்பி வந்து லூப் ஆகாமல் அந்த டேக்கைப் பார்த்துத் தடுத்துவிடலாம்.

எனக்குப் பெரிய கவலை வேறு. உன் ரூட்டருக்கும் நெக்ஸ்ட் ஹாப்புக்கும் (பாக்கெட்டை அடுத்து வாங்கும் ரூட்டர்) நடுவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்கிறாய். அந்தப் பக்கத்து ரூட்டர் செத்தாலும் சுவிட்ச் உயிரோடு இருப்பதால் உன் இன்டர்ஃபேஸ் ‘அப்’பிலேயே இருக்கும். ஸ்டாட்டிக் ரூட்டும் ரூட்டிங் டேபிளை விட்டுப் போகாது. ஓஎஸ்பிஎஃப் அதை நம்பி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். மற்ற ரூட்டர்களில் ‘ஓ ஈ2, 110/20’ என்று, அதாவது வெளியிலிருந்து ஓஎஸ்பிஎஃப்-க்குள் வந்த, மெட்ரிக் 20 உள்ள ரூட்டாக அழகாகத் தெரியும். பாக்கெட்டெல்லாம் உன் எட்ஜ் வரை வந்து காணாமல் போகும். பேக்கப் லிங்க் இருந்தும் அந்தப் பக்கம் திரும்பாது. கையால் எழுதிய ரூட்டுக்குத் தானாக எதுவும் தெரியாது, குமார். ரூட்டரே சோதித்துப் பார்க்கும் வசதியான ஐபி எஸ்எல்ஏ-வில் அந்த நெக்ஸ்ட் ஹாப்பைப் பிங் செய்ய வைத்து, அதன் முடிவைக் கவனிக்க ஒரு டிராக் போட்டு, ஸ்டாட்டிக் ரூட்டை அந்த டிராக்கோடு கட்டிவிடு. பிங் நின்றால் ரூட் டேபிளிலிருந்து விழும், ஓஎஸ்பிஎஃப்-உம் வாபஸ் வாங்கிக்கொள்ளும்.

அப்புறம், 20 என்ற மெட்ரிக் (பாதையின் செலவுக் கணக்கு) ஈ2 வகையில் எவ்வளவு தூரம் போனாலும் ஏறாது. வழியில் ஆகும் காஸ்டும் சேர வேண்டுமென்றால் ரூட்டை ஈ1 வகை ஆக்கு.

ரூட் மேப்பை எழுதியதும் எனக்கு அனுப்பு, லைவில் போடுவதற்கு முன்பே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்