ஸ்வார்த்மோரா, வில்லியம்ஸா?

எடிசன், நியூஜெர்சி
ஏப்ரல் 14

அன்புள்ள தங்கராசு,

பொங்கலுக்கு நீ எழுதிய நீண்ட கடிதத்துக்கு இதுவரை பதில் போடாததற்கு நீ எவ்வளவு வசை பாடினாலும் வாங்கிக்கொள்கிறேன். அக்காவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததாகச் சேகர் சொன்னான், மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். மற்ற நலங்களை அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன். மார்ச் கடைசியிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை உன்னிடம் கொட்டாமல் எனக்கு வேறு எதுவும் எழுத வராது.

யாழினிக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்வார்த்மோர். மற்றொன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பெர்க்‌ஷயர் மலைகளுக்கு நடுவில் இருக்கும் வில்லியம்ஸ். மே 1-க்குள் ஒன்றைத் தேர்ந்து பதில் சொல்லியாக வேண்டும். விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரைக்கூடச் சேர்த்துக்கொள்ளாத இடங்கள் இவை, ஆனாலும் என் மைத்துனர் செய்தியைக் கேட்டதும், "ஹார்வர்டு கிடைக்கவில்லையா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். அவருக்கு விளக்கியதுபோல் உனக்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியிலிருந்து வந்து நமக்கு ஆங்கிலம் நடத்திய அந்த நெட்டை மனிதர், தன் கல்லூரியில் பேராசிரியர் வீட்டுக்கே போய் இரவு பத்து மணிவரை வாதாடியதைச் சொன்னபோது, நீதானே பொய் என்று பந்தயம் கட்டினாய்? அதே இனத்தைச் சேர்ந்த, முக்கியமாக இளங்கலைப் படிப்புக்கென்றே நடக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள்தாம் இவையும். ஸ்வார்த்மோரில் ஏறத்தாழ 1,700 மாணவர்கள், வில்லியம்ஸில் ஏறத்தாழ 2,000 பேர். ஆராய்ச்சி மாணவர்களிடம் வகுப்பைத் தள்ளிவிடாமல் பேராசிரியர்களே பாடம் நடத்துவார்கள். இவளுக்குக் கணக்கும் வேண்டும், ஓவிய வரலாறும் வேண்டும் என்பதால், இரண்டாம் ஆண்டுவரை எந்தத் துறை என்று கேட்காத இந்த ஏற்பாடு அவளுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

பணத்தைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். இரண்டிலும் ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகும். குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து அவர்களே பெரும்பகுதியைக் குறைக்கிறார்கள். உதவித்தொகையில் கடனையும் சேர்த்துக் கணக்குக் காட்டும் வழக்கம் இரண்டிலுமே இல்லை. எங்களுக்கு வந்த இரண்டு தொகைகளும் ஏறக்குறைய ஒன்றே. காசு வேறுபட்டிருந்தால் அதன் தலையில் பழியைப் போட்டு நிம்மதியாக முடிவெடுத்திருக்கலாம். அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

மீனாவின் ஓட்டு முதல் நாளிலிருந்தே ஸ்வார்த்மோருக்கு. காரணம் ரயில். கல்லூரி வாசலிலேயே நிலையம் இருக்கிறது. இங்கிருந்து ட்ரென்டன், பிலடெல்பியா என்று வண்டி மாறி மாறிப் போனால் ரசம் ஆறுவதற்குள் மகளைப் பார்த்துவிடலாம் என்பது அவள் கணக்கு. வில்லியம்ஸுக்கு ரயிலே கிடையாது. பாஸ்டனிலிருந்து காரில் மூன்று மணி நேரம், ஆல்பனியிலிருந்து ஒரு மணி நேரம். நாங்கள் போய்ப் பார்த்தபோது நிழல் விழும் இடங்களில் ஏப்ரலிலும் பனி கிடந்தது. அதைக் கண்டதும் மீனா காரிலிருந்து இறங்கவே யோசித்தாள். நானும் தொடக்கத்தில் ஸ்வார்த்மோர் கட்சிதான். இத்தகைய கல்லூரிகளில் அபூர்வமாக, அங்கே பொறியியல் பட்டமும் உண்டு. யாழினியின் மனம் என்றாவது மாறாதா என்ற நப்பாசை எனக்கு இருந்ததை நீ சிரிக்காமல் படிக்க மாட்டாய்.

ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு என் கவலை வேறு பக்கம் திரும்பிவிட்டது. இரண்டு கல்லூரிகளுமே தங்கள் பெருமையாகச் சொல்லும் ஏற்பாடு ஆக்ஸ்போர்டைப் பார்த்து எடுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டில் படித்துவந்த ஃபிராங்க் ஐடலாட் ஸ்வார்த்மோரின் தலைவராக இருந்தபோது 1922-இல் தொடங்கிய ஆனர்ஸ் திட்டம் அங்கே இன்றும் நடக்கிறது. அதில் சேரும் மாணவர்கள் கடைசி இரண்டு ஆண்டுகளில் எட்டுப் பேர் போலச் சேர்ந்து வாரம் ஒருமுறை மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறார்கள். முடிவில் அவர்களைச் சோதிப்பது சொந்த ஆசிரியர்கள் அல்லர், மற்றப் பல்கலைக்கழகங்களிலிருந்து வரவழைக்கப்படும் எக்ஸ்டர்னல் தேர்வாளர்கள். எழுத்துத் தேர்வு, அதன் பிறகு வைவா. எக்ஸ்டர்னலாகப் போன ஊர்களிலெல்லாம் மதியச் சாப்பாட்டை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் நீ இதை எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியாது. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. மதிப்பெண் போடுகிறவர் வேறொருவர் என்றால், பாடம் நடத்துகிறவரிடம் மாணவன் பயமில்லாமல் தன் அறியாமையைக் காட்டலாம். இருவரும் ஒரே கட்சியில் நின்று அந்த அந்நியரை எதிர்கொள்வார்கள். முதல் பருவத்தில் மதிப்பெண்ணே பதிவாகாது என்பதும் அங்கே இருக்கும் இன்னொரு கருணை.

வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டது மறுபாதியை. 1988 முதல் அங்கே டுடோரியல் என்ற பெயரில் ஒரு முறை நடக்கிறது. (நம் ஊரில் பத்தாவது தவறியவர்கள் போகும் டுடோரியல் என்று நினைத்து அக்காவிடம் சொல்லிவைக்காதே.) ஒரு பேராசிரியர், இரண்டு மாணவர்கள், அவ்வளவுதான் வகுப்பு. ஒரு வாரம் ஒருவர் ஐந்தாறு பக்கக் கட்டுரை எழுதி வந்து முன்வைப்பார், மற்றவர் அதைப் பிரித்துப் போட்டு விமர்சிப்பார். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். பேராசிரியர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். அங்கே ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூடக் கிடையாது.

என்னை உறுத்துவது இதுதான். யாழினி எழுதுவதைப் படித்தால் நீயே அசந்துபோவாய். ஆனால் அவள் வாயைத் திறப்பதில்லை. பள்ளியில் ஒவ்வொரு ஆண்டும் ஆசிரியர்கள் ஒரே குறையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்தால் மற்ற ஏழு பேரும் பேசட்டும் என்று அவள் தலையாட்டிக்கொண்டே அந்த இரண்டு ஆண்டுகளையும் கழித்துவிடுவாள் என்பது என் பயம். இருவர் மட்டும் உட்கார்ந்தால் பேசாமல் தப்ப முடியாது. நம் பாலு மூன்று வருடமும் கடைசி பெஞ்சில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவும் அவனோடேயே போயிற்று. அவனிடம் எதிரில் உட்கார்ந்து, 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று யாராவது வாரந்தோறும் கேட்டிருந்தால் என்று இப்போதெல்லாம் அடிக்கடி எண்ணிக்கொள்கிறேன். சரி, அது இருக்கட்டும்.

வில்லியம்ஸில் உனக்குப் பிடித்தமான ஒன்றையும் கண்டேன். 1806 ஆகஸ்டில் அந்தக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இடிமழைக்குப் பயந்து வைக்கோற்போர் ஒன்றின் அருகே ஒதுங்கி, கடல் கடந்து மதப்பணி செய்வதென்று ஜெபம் செய்தார்கள். அதிலிருந்து கிளம்பிய உற்சாகத்தில்தான் 1810-இல் அமெரிக்க மிஷன் உருவானது. அந்த மிஷன் 1816-இல் யாழ்ப்பாணத்தில் கால் ஊன்றி, 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி கண்டு, 1834-இல் மதுரைக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு பசுமலையையும், 1881-இல் தொடங்கிய நம் அமெரிக்கன் கல்லூரியையும் நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டுமா? ஒதுங்கிய இடத்தில் உருண்டையொன்றைத் தலையில் தாங்கிய பளிங்குத் தூண் நிற்கிறது. கோரிப்பாளையத்தில் நாம் குடித்த அத்தனை டீக்கும் மூலம் இங்கே என்று நான் நெகிழ்ந்து நின்றபோது, யாழினி நிதானமாக, "அப்பா, இதனால் நான் இங்கே சேர வேண்டுமா, இல்லை, இதனாலேயே சேரக்கூடாதா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. பேச்சு வராத பிள்ளை என்று இவளைத்தான் சொல்கிறேன்!

அவளுக்கு வில்லியம்ஸின் மேல் காதல் வந்ததென்னவோ உண்மை. நடந்து போகும் தூரத்திலேயே கிளார்க் அருங்காட்சியகம், அதில் சுவர் சுவராக ரெனுவாரின் ஓவியங்கள். ஜனவரி முழுவதும் ஒரே ஒரு பாடம்தான். அக்டோபரில் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முன்னறிவிப்பில்லாமல் மணி அடித்து வகுப்புகளை ரத்துசெய்து எல்லோரையும் மலையேற அனுப்புவார்களாம். இதை அவள் குறைந்தது பத்துத் தடவையாவது சொல்லிவிட்டாள். ஆனால் நான் டுடோரியலைக் காரணம் காட்டி வில்லியம்ஸுக்குப் பரிந்து பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் ஸ்வார்த்மோர் பக்கம் சாய்கிறாள். நேற்று இரவு சாப்பிடும்போது, "பேசாமல் இருப்பது நோய் இல்லை, அப்பா. எனக்குத் தோன்றும்போது பேசுவேன். மருந்து கொடுக்கிறதற்காக என்னைக் கல்லூரிக்கு அனுப்பாதீர்கள்" என்றாள். மீனா எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது கரண்டிச் சாம்பார் ஊற்றினாள்.

நீ இத்தனை ஆண்டுகள் வகுப்பெடுத்தவன். வாயைத் திறக்காத பிள்ளைகளை நீ எவ்வளவோ பார்த்திருப்பாய். கட்டாயப்படுத்தி ஒருவரின் எதிரே உட்காரவைத்தால் அவர்கள் பேசத் தொடங்குகிறார்களா, அல்லது சிறு கூட்டத்தில் கேட்டுக்கொண்டே இருந்து தாமாக ஒருநாள் தொடங்குகிறார்களா? எனக்கு ஆறுதல் வேண்டாம். நீ பார்த்ததைச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் மாலையில் யாழினி உன்னை அழைப்பாள். மாமாவிடம் கேட்கிறேன் என்று அவளாகவே சொன்னாள், நான் தூண்டவில்லை. நான் இந்தக் கடிதத்தில் எழுதியதை அவளிடம் காட்டிக்கொள்ளாதே; வைக்கோற்போர்க் கதையைத் திரும்ப எடுக்கவும் வேண்டாம். அவளிடம் பேசி முடித்த பிறகு, மே 1-க்கு முன்பு, எனக்கும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
கதிரேசன்