எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. ரொம்ப நாள் கழித்து உன் மெசேஜ் வந்ததை முதலில் பார்த்தவர் அவர்தான். "உனக்குத்தான், ஏதோ பூ விஷயம்" என்று போனை நீட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அவரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

கொடைக்கானல் பக்கத்துக் காட்டுப்பூக்களை அடையாளம் கண்டுபிடிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று ஒரே வரி. கூட ஒரு படம். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. சரி, போகட்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டனி நடத்தி ரிட்டயர் ஆனவளிடம் பெற்ற பெண் இப்போதுதான் முதல் தடவையாக ஒரு பாட்டனி கேள்வி கேட்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்த அன்றைக்கு என் அலமாரியைப் பார்த்து நீ என்ன சொன்னாய் என்பதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் தம்பி கேலி செய்கிறான் என்று மெயிலில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் அந்தப் படம். ஆப் அதைத் திபூசினா என்று சொன்னதாக எழுதியிருந்தாய். ஆப்பைக் குறை சொல்லவில்லை, பக்கத்து வீடு வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. திபூசினா பிரேசில்காரி, பங்களாத் தோட்டங்களில் வளர்ப்பார்கள். நீ எடுத்தது ஆஸ்பெக்கியா, அந்த மலைக்கே சொந்தமானது. இரண்டும் ஒரே குடும்பம்தான். பூவின் நடுவில் பார். மகரந்தப்பைகள் மஞ்சளாக, எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றன. திபூசினாவில் அவை ஊதாவாக, சிலந்திக் கால் மாதிரி வளைந்து, நீளமும் குட்டையுமாக இருக்கும். நீ பூவை மட்டும் எடுத்தாய், இலை வரவில்லை. வந்திருந்தால் அடியிலிருந்தே மூன்றோ ஐந்தோ நரம்புகள் வளைந்து நுனிவரை ஓடுவது தெரிந்திருக்கும். அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் அந்தக் குடும்பத்தைப் பூ இல்லாமலேயே சொல்லிவிடலாம். எந்தச் செடியானாலும் பூவை முன்னாலிருந்து, பக்கவாட்டில், பின்புறம், பிறகு இலையின் இரண்டு பக்கமும், கடைசியில் முழுச் செடியும் எடு.

அளவு தெரிவதற்காகக் கையை வைத்து எடுத்தது நல்ல யோசனை. உன் கைதான், கட்டைவிரலில் அரிவாள்மனைத் தழும்பு தெரிகிறது. மோதிரம் இல்லை. காட்டுக்குப் போகும்போது கழற்றி வைத்துவிடுகிறாய் போலிருக்கிறது. நல்ல பழக்கம்தான், சேற்றில் விழுந்தால் எங்கே போய்த் தேடுவது. பத்திரமாக வை.

இப்போது புத்தகம். இந்தியா முழுவதற்கும் என்று போட்டிருக்கும் புத்தகத்தை முதலில் வாங்காதே. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் போட்ட ஐசக் கெஹிம்கரின் புத்தகம் என்னிடமும் இருக்கிறது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் தேசம் முழுவதற்குமான ஒரே புத்தகத்தில் உன் மலைக்கு எத்தனை பக்கம் கிடைக்கும்? தமிழ்நாட்டில் மட்டுமே ஐயாயிரத்துக்கு மேல் பூக்கும் தாவரங்கள் இருக்கின்றன. உன் பூ அதில் இல்லை என்றால், இல்லை என்று உனக்குத் தெரியாது. இருப்பதிலேயே கிட்டத்தட்ட ஒத்துப்போவதை அதுதான் என்று எழுதி வைத்துக்கொள்வாய். ஆரம்பக்காரர்கள் எல்லோரும் விழுகிற பள்ளம் இதுதான். இடம் சுருங்கச் சுருங்கப் புத்தகத்தின் பேச்சு நம்பகமாகும். நம் திருச்சி பக்கத்துக்கென்றே ஃபாதர் மேத்யூ எழுதிய மத்தியத் தமிழ்நாட்டுக் கையேடு, 1991-ல் வந்தது, என் மேஜையிலேயே இருக்கிறது. கொல்லைப்புறத்திலிருந்து காவேரிக் கரைவரை அதை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். ஆனால் கொடைக்கானல் ஏறத்தாழ இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயரம், அங்கே அது உதவாது. வத்தலகுண்டில் ஒரு உலகம், பெருமாள்மலையில் ஒரு உலகம். அதனால் மலைக்கான புத்தகமாகப் பார்.

அட்டையில் நீலக்குறிஞ்சி இருக்கிறதே என்று மயங்காதே. 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான். அந்த வருஷம் நீங்கள் இரண்டு பேரும் போய் எடுத்து அனுப்பிய படத்தைத்தான் அப்பா இன்னும் போனில் முகப்புப் படமாக வைத்திருக்கிறார். மாற்றச் சொல்லி நான் எதுவும் சொல்லவில்லை.

அடுத்தது, புத்தகத்தை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பார். வண்ணப்படப் புத்தகங்கள் பலவற்றில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஓரத்தில் பட்டை அடித்துப் பிரித்திருப்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது வசதி, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மலைப்பாதையில் உண்ணிச்செடி பார்த்திருப்பாய். ஒரே கொத்தில் நடுவில் மஞ்சள், ஓரத்தில் ரோஸ். அதை எந்தப் பட்டையில் தேடுவாய்? ஊதாவாக நீ பார்த்தது அச்சில் நீலமாக வந்திருக்கும், அது வேறு தொல்லை. குடும்பவாரியாகப் பிரித்த புத்தகம் முதலில் அழவைக்கும், பிறகு கைகொடுக்கும். இரண்டும் கலந்திருந்தால் நல்லது: முன்னால் நிறம், உள்ளே குடும்பம், கூடவே ஒரு எளிய கீ, அதாவது அடையாளம் காண வழிகாட்டும் கேள்வி வரிசை. இலை எதிரெதிரா, மாற்றி மாற்றியா. இதழ்கள் ஒட்டியா, தனித்தனியா என்று கேட்டுக் கேட்டுக் கொண்டுபோய் விடும். கீ இல்லாத புத்தகம் வெறும் ஆல்பம்தான். கடையில் ஒன்று செய். உனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த செடி ஒன்றை மனதில் வைத்துக்கொள். பின்னால் இருக்கும் பெயர்ப் பட்டியலைத் தொடாதே. பூவையும் இலையையும் மட்டும் வைத்து அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேர முடிகிறதா பார். இரண்டு, மூன்று செடிக்கு முடியவில்லை என்றால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடு.

வெளியூரிலிருந்து வந்து குடியேறிய பூக்களையும் சேர்த்திருக்கிறதா என்று அவசியம் பார். கொடைக்கானல் ரோட்டோரத்தில் முதல் நாள் உன் கண்ணில் படுவதில் பாதிக்கு மேல் அந்த மண்ணுடையது இல்லை. ஓடைக்கரையில் வெள்ளையாக நிற்கும் காலா லில்லி தென்னாப்பிரிக்கா. சுவர் இடுக்கில் சின்ன டெய்சி பூக்குமே, அது மெக்சிகோ. சொந்தப் பூக்களை மட்டும் போட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு தேடினால் முதல் வாரமே வெறுத்துப்போய் மூலையில் போட்டுவிடுவாய். எனக்கு உன்னைத் தெரியும். இந்த விஷயத்தில் பழைய ஆள் ஃபைசன் கெட்டிக்காரர். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். நீலகிரி, பழனி மலைகளின் (கொடைக்கானல் இருப்பது பழனி மலைத்தொடரில்தான்) 6,500 அடிக்கு மேலே இருக்கும் செடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு 1915-லிருந்து 1920 வரை எழுதினார். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானலைச் சுற்றிச் சாதாரணமாகக் காணும் வெளிநாட்டுச் செடிகளையும் சேர்த்துக்கொண்டார். எல்லாம் கோட்டுப் படங்கள். போட்டோ ஒரு நாள் பூத்த ஒரு பூவைக் காட்டும். வரைகிறவரோ பத்துப் பூவைப் பார்த்து, எதைக் காட்ட வேண்டுமோ அதைக் காட்டுவார். அதனால் போட்டோ புத்தகம் ஒன்று வாங்கினாலும் பக்கத்தில் கோட்டுப் படம் ஒன்று இருக்கட்டும். ஃபைசனுடைய ஸ்கேன் நெட்டில் இலவசமாகவே கிடைக்கிறது, தம்பியை விட்டு எடுத்துத் தரச் சொல்கிறேன். தம்பியிடமாவது பேசு.

பழைய புத்தகத்தில் பெயர்கள் மாறியிருக்கும், அதற்குப் பயப்படாதே. நானே எருக்கை ஒரு குடும்பம், அரளியை இன்னொரு குடும்பம் என்று போர்டில் எழுதித்தான் பாடம் எடுத்தேன். இப்போது இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். செங்காந்தள், லில்லி கூட்டத்திலிருந்து வெளியே போய்விட்டது. குடும்பத்தின் பெயர் மாறினாலும் செடி அதே செடிதான்.

புதிய புத்தகத்தில், பிப்பா முகர்ஜி தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் பழனி மலைக்கும் என்றே ஒரு கையேடு போட்டிருக்கிறார். உனக்கு முதலில் அதுதான் என்பது என் முடிவு. ஃபாதர் மேத்யூவின் பழனி மலைத் தாவரங்கள் 1999-ல் வந்தது, மூன்று பாகம். அந்த மலைக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு புல்வெளியில் நடக்க முடியாது, படிப்பதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். வீட்டில் வைத்து நிதானமாகப் பார்க்க வேண்டிய புத்தகம்.

வீடு என்றதும்தான் கேட்கிறேன். அங்கே எவ்வளவு நாள் இருப்பதாக உத்தேசம்? புத்தகத்துக்காகத்தான் கேட்கிறேன். லீவுக்கு வந்து போகிறவர்களுக்குச் சின்ன வண்ணப்படப் புத்தகமே போதும். ஒரு மழைக்காலம் இருந்தால் புல்வெளியில் ரோஸ் நிறத்தில் சாட்டிரியம் ஆர்க்கிட் எழும்பும். தை, மாசி குளிரையும் தாண்டினால் ரோடோடெண்ட்ரான் சிவப்பாகப் பூப்பதைப் பார்க்கலாம். அப்படி வருஷம் முழுக்க இருக்கப்போகிறவளுக்கு வேறு புத்தகம் வேண்டும், பெரிய புத்தகம். எது என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? உன் சித்தி போன் செய்து பெங்களூர் வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது என்றாள். பூப் பார்க்கப் போயிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன். பொய் இல்லையே.

தனியாகப் போகாதே. காட்டெருமை டவுனுக்குள்ளேயே நடமாடுகிறது என்று பேப்பரில் வந்துகொண்டே இருக்கிறது. நீ குனிந்து பூவைப் பார்த்துக்கொண்டிருப்பாய், அது நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் படம் எடுக்கும்போது ஒரு கையில் பூ, ஒரு கையில் போன் என்றால் பக்கத்தில் யாரும் இல்லை என்றுதானே அர்த்தம்? யாராவது துணைக்கு இருந்தால் நல்லது. யார் என்று நான் கேட்கமாட்டேன். ஃபாரஸ்ட் ஆபீசில் சொல்லிவிட்டுப் போ. அந்தக் காடு 2013-லிருந்து சரணாலயம், எதையும் பறிக்காதே, அனுமதி இல்லாமல் ஒரு இலைகூட எடுக்கக்கூடாது. எதையும் வாயில் வைக்காதே. அங்கே வேலியோரம் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளை மணிப்பூ ஊமத்தைக்கு உறவு, அத்தனையும் விஷம். கூகுளில் இருக்கிறது என்று நீ சொல்வாய். இருக்கட்டும், நானும் சொல்கிறேன்.

ஆஸ்பெக்கியா படத்தைப் பிரிண்ட் போட்டு ஸ்டாஃப் ரூமில் கூட இருந்த டீச்சர்களிடம் காட்டினேன். உன் பெண்ணா எடுத்தாள் என்று ஆச்சரியப்பட்டார்கள். கூர்மையாக எடுத்திருக்கிறாய், மகரந்தத்தூள்கூடத் தெரிகிறது. இந்தக் கண் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அப்புறம் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்றும் கேட்டார்கள். நன்றாக இருக்கிறார் என்றேன்.

முகர்ஜி புத்தகத்தை நானே வாங்கிவிட்டேன், நீ வாங்காதே. என் கை லென்ஸையும் துடைத்து வைத்திருக்கிறேன், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு பூவை அருகில் கொண்டுவர வேண்டும், எல்லோரும் தலைகீழாகச் செய்வார்கள். இரண்டையும் ஒரே பார்சலாகக் கட்டியாகிவிட்டது. மேலே விலாசம் எழுதுவதுதான் பாக்கி. பெங்களூருக்கே அனுப்பட்டுமா, கொடைக்கானலுக்கா? கொடைக்கானல் என்றால் வீட்டு நம்பர், தெரு, பின்கோடு மூன்றையும் எழுது. வேறு எதுவும் விவரமாக எழுத வேண்டாம். கூரியர்காரர் திங்கட்கிழமை வருகிறார், அதற்குள் அனுப்பு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பெறுநர் பெயர் எப்படிப் போட வேண்டும் என்பதையும் எழுது. பழையபடி அப்பா பெயரின் இனிஷியலைப் போட்டாலும் எனக்குச் சரிதான்.