மக்பெத்தின் கத்தியும் காதில் கேட்கும் குரலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலக்கியத்தில் மனப்பிறழ்வு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஷேக்ஸ்பியரின் மக்பெத் முன் அந்தரத்தில் தொங்கிய கத்தியையும், தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் இவான் கரமசோவின் அறைக்கு வந்து உட்கார்ந்த சாத்தானையும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயின் அச்சு அசலான சித்திரம் என்கிறது. எழுத்தாக இரண்டும் உச்சம், அதில் மறுப்பில்லை. நோய்க்குச் சான்றாக எடுத்தால்தான் இடிக்கிறது. மனச்சிதைவு உள்ள பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேருக்குக் குரல் கேட்கிறது. உருவம் தெரிவது அதைவிடக் குறைவு. குரல் இல்லாமல் உருவம் மட்டும் தெரிவது இன்னும் அபூர்வம்.

கட்டுரைக்குப் போட்ட படமும் அதே தவறைச் செய்கிறது: உட்கார்ந்திருப்பவனின் முதுகுக்குப் பின்னால் புகைபோல ஓர் உருவம். மனநலப் பிரிவுக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் வீட்டார் சொல்வது வேறு. “தானாச் சிரிக்கிறான். டிவியைச் சத்தமா வச்சுக்கிறான். காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டுப் படுக்குறான்.” விசாரித்தால், அவன் செய்வதையெல்லாம் யாரோ நேர்முக வர்ணனை செய்கிறார்கள்: “இதோ எழுந்துட்டான். தண்ணி குடிக்கிறான். பாரு, திரும்பிப் பார்க்கிறான்.” சில நேரம் இரண்டு குரல்கள் அவனைப் பற்றித் தங்களுக்குள் வாக்குவாதம் செய்யும். சிலருக்குத் தான் நினைப்பதே சத்தமாகக் கேட்கும். ஜெர்மானிய மருத்துவர் கர்ட் ஷ்னைடர் வகைப்படுத்திய இந்த மூன்றும் வேறு நோய்களிலும் வரும் என்று பின்னால் தெரிந்தாலும், இன்றைக்கும் முதலில் கேட்கும் கேள்விகள் இவைதாம்.

மனதுக்குள் நாம் பேசிக்கொள்வதற்கு ‘இது என் பேச்சு’ என்று மூளை ஒரு முத்திரை குத்துகிறது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதே மாதிரி முத்திரைதான் காரணம். அது விழாமல் போனால் சொந்தப் பேச்சே அடுத்தவர் குரலாகக் கேட்கும் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். குரல் கேட்கும்போது சிலருக்கு உதடு லேசாக அசைவதும், வாய்க்குள் பாட்டை முணுமுணுத்தாலோ செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தாலோ குரல் சற்று அடங்குவதும் இதோடு பொருந்துகிறது.

கணிதமேதை ஜான் நாஷ் கேட்டதும் குரல்களைத்தான். 2001இல் வந்த ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ படம் அவருக்கு ஓர் அறைத்தோழனையும் சிறுமியையும் உளவுத்துறை ஆளையும் கண்முன் நிறுத்தியது. திரைக்கு உருவம் வேண்டும், புரிகிறது. (1970க்குப் பிறகு மருந்தே எடுக்காத நாஷை, புதிய மருந்து எடுப்பதாகப் படத்தில் சொல்லவைத்தார்கள். பார்ப்பவர்கள் மருந்தை நிறுத்திவிடக் கூடாதே என்ற கவலை. அந்தப் பொய்யை நான் மன்னிக்கத் தயார்.)

இவானுக்கு வருவோம். அவன் அந்த இரவில் ஜன்னிக்கு முந்தைய நிலையில் இருக்கிறான். டாக்டரையும் ஏற்கெனவே பார்த்துவிட்டான். சாத்தான்மேல் டம்ளரை வீசுகிறான், ஈரத் துண்டைத் தலையில் சுற்றுகிறான். பிறகு பார்த்தால் டம்ளர் மேசைமேல் அப்படியே இருக்கிறது, துண்டு காய்ந்து கிடக்கிறது. மருத்துவர்களிடம் கேட்டுச் சரிபார்த்தே இதை எழுதியதாக 1880 ஆகஸ்டில் தஸ்தயேவ்ஸ்கி தம் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். ஆக, அவர் காட்டியது உடல் நோயில் வரும் குழப்பத்தை. கட்டுரையாளர்தான் அதை மனச்சிதைவு ஆக்கிவிட்டார்.

குரலைத் துல்லியமாக எழுதிய நாவல் வேண்டுமென்றால், ஆங்கில நாவலாசிரியர் எவ்லின் வா 1957இல் வெளியிட்ட ‘கில்பர்ட் பின்ஃபோல்டின் சோதனை’யைச் சொல்வேன். இலங்கைக்குக் கப்பலேறும் எழுத்தாளர் ஒருவர், தம் கேபினில் பக்கத்து அறைப் பேச்சுகள் கேட்பதை உணர்கிறார். போர்க்காலத்தில் போட்ட கம்பிகள் பழுதாகி, மற்ற அறைகளின் பேச்சை இங்கே கொண்டுவருகின்றன என்று முடிவுகட்டுகிறார். இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. குரல் முதலில் வரும். அதற்கான விளக்கத்தை மனம் பின்னால் கட்டும். இன்றைக்கு அந்தக் கம்பியின் இடத்தில் செல்போன் டவர், புளூடூத், பக்கத்து வீட்டுக் கேமரா. விளக்கத்தை உடைக்க வீட்டார் மணிக்கணக்காக வாதாடுவார்கள். குரல் நிற்காதவரை அது உடையாது.

வாவுக்கே 1954இல் இலங்கைப் பயணத்தில் நேர்ந்தது இது. தூக்கத்துக்காகக் குளோராலும் புரோமைடும் குடித்துக்கொண்டிருந்தார். சிறுநீரகம் புரோமைடை உப்பிலுள்ள குளோரைடு போலவே நடத்துவதால், அது பாதி குறையவே 12 நாள் பிடிக்கும். தினமும் குடித்தால் உடம்பில் ஏறிக்கொண்டே போகும். மருத்துவர்கள் கண்டுபிடித்து மருந்தை மாற்றியதும் குரல்கள் நின்றன. மனநோயைப் பற்றிய சிறந்த வர்ணனையை எழுதியவருக்கு இருந்தது மருந்து நஞ்சு!

நம் ஊர்க் குரல் எப்படி இருக்கும்? மானிடவியலாளர் தான்யா லுர்மனின் குழு, கலிபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் 20 பேர் வீதம் பேட்டி கண்டு 2015இல் வெளியிட்டது. அமெரிக்கர்களின் குரல்களில் வன்முறை தூக்கலாக இருந்தது. சென்னையில் 11 பேருக்குக் கேட்டவை சொந்தக்காரர்களின் குரல்கள், அதுவும் வேலை ஏவும் குரல்கள். திட்டும், ஆனால் வீட்டில் பெரியவர்கள் திட்டுவதுபோல. நம் கதைகளில் வரும் பைத்தியமோ மலையுச்சியில் நின்று கடவுளோடு பேசுகிறது. ‘போய்க் குளி’ என்று அதட்டும் பெரியம்மா குரலை எழுத நம் எழுத்தாளர்கள் முன்வர வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவது முதன்மையாக இருந்தால் உடம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கால் முறிந்து எலும்பு வார்டில் படுத்தவர், மூன்றாம் நாள் இரவு போர்வையில் இல்லாத பூச்சியைப் பொறுக்குகிறார் என்றால் குடிப்பழக்கத்தை வீட்டார் மறைத்திருக்க வாய்ப்பு அதிகம். கடைசியாகக் குடித்ததிலிருந்து 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும் இந்த ஜன்னி உயிரையே எடுக்கும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாம். முதியவர் திடீரென்று மாலையில் உளறினால் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று பாருங்கள். நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிபெனிடில்கூட இதைச் செய்யும். மறதியோடு குழந்தைகளும் பிராணிகளும் தெளிவாகத் தெரிந்தால் லூயி பாடி வகை மறதிநோயாக இருக்கலாம். அவருக்கு மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் கொடுத்தால் உடம்பு விறைத்து ஆபத்தாகும். பார்வை மங்கியவருக்குச் சத்தமே இல்லாமல் முகங்களும் குட்டி மனிதர்களும் தெரிவதும், அது பொய் என்று அவருக்கே தெரிந்திருப்பதும் சார்ல்ஸ் போனே கோளாறு. அதற்குப் போக வேண்டியது கண் டாக்டரிடம்.

தூங்கப்போகும் நேரத்தில் அமுக்குவான் பேய் வந்ததற்காக யாரும் மனநல மாத்திரை விழுங்க வேண்டியதில்லை. துணையை இழந்தவர்களுக்கும் இப்படித்தான். 1971இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக வேல்ஸில் அப்படிப்பட்ட 293 பேரை விசாரித்தபோது ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தோ, கண்டோ, கேட்டோ இருந்தார்கள்.

குரல் கேட்பவரிடம் “அப்படி ஒண்ணுமே இல்லை” என்று சாதிக்கவும் வேண்டாம், கூடச் சேர்ந்து கேட்பதாக நடிக்கவும் வேண்டாம். “எனக்குக் கேட்கலை. உனக்குக் கேட்குதுன்னு தெரியுது. என்ன சொல்லுது?” என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். “உனக்கோ வேற யாருக்கோ ஏதாவது கெடுதல் செய்யச் சொல்லுதா?” என்பதையும் கேட்டே ஆக வேண்டும். ஆமாம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மருந்து தொடங்கியதும் குரல் ஒரே நாளில் போகாது. முதலில் தூரமாகும், பிறகு அதட்டல் குறையும். சரியான அளவில் 4 முதல் 6 வாரம் கொடுத்துப் பார்த்தபிறகுதான் பலனில்லை என்று சொல்லலாம். இரண்டு மருந்துகள் கைவிட்டால் குளோசபின் இருக்கிறது. அதற்கு முதல் 18 வாரமும் வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். குரல் நின்றதும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதுதான் மறுபடி வார்டுக்கு வரும் பலரின் கதை.

அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம். கட்டுரையின் அடியில் ஒரு வரி இடம் ஒதுக்கி இந்த எண்ணையாவது போட்டிருக்கலாம்.

– மனநலச் சமூகப் பணியாளர், திருச்சி